இடக்கைக்கு ஒரு பிடி

"இதை எங்கேருந்து எடுத்தே நீ?"

"கேள்வி கேக்குறது நான். இதை எதுக்குடா வெட்டினே?"

"அது கம்பெனி போட்டது இல்ல அக்கா, பின்னால யாரோ ஒருத்தன்..."

"யாரோவா? யாரோன்னு சொல்றான் பாரு!"

"கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசேன். கம்பெனிப் புத்தகத்துல அந்த இடத்துல ஒண்ணுமே கிடையாது. ஒரு ஓட்டைகூடக் கிடையாது. நான் வேணும்னா எடுத்துக் காட்டுறேன்..."

"புத்தகத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு!"

நோர்பெர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை ஜீப்பின் பானட்டின் மேல் வைத்தான். வைத்த மறுநொடியே, புது பெயிண்ட் என்று நினைவு வந்து எடுத்துக்கொண்டான். கொட்டகை வாசலில் அவன் அக்கா கிளெமான்ஸ் நின்றிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். மேல்கோட்டுக்குக் கீழே ஏப்ரன் தொங்கியது. காலணியில் பனிச்சேறு. கையில் ஒரு சாண் நீளத்துக்கு வளைந்த இரும்பு. அடுப்புக்குப் பின்னால் அவன் போட்டுவைத்திருந்த பழைய இரும்புத் துண்டுகளின் பெட்டியைக் குடைந்து எடுத்துவிட்டாள்.

"விறகு எடுக்கத்தானே வந்தே?"

"விறகு எடுக்கத்தான் வந்தேன். இது என் காலை இடிச்சுது. நல்ல வேளை இடிச்சுது."

"சரி, இடிச்சுது. அதுக்கு இப்படியா கத்துவாங்க? முன்னால வண்டியை வச்சிருந்த மரக்காரன் போட்ட கொக்கி அது. சங்கிலி கட்ட அந்த ஆளு எங்கெங்கே எதை வச்சு ஒட்டியிருந்தான்னு நீயும்தானே பார்த்தே? பின்னால மூணு, பக்கத்துல ரெண்டு. எல்லாத்தையும் வெட்டினேன். அதோட இதையும் வெட்டினேன்."

"நோர்பெர்." அவள் குரல் திடீரென்று இறங்கியது. கத்துவதைவிட அது மோசமாக இருந்தது. "இன்னிக்குக் காலையில சூப் கொண்டுபோனப்ப ஒருத்தி என்னைக் கேட்டா. 'என் இடது கைப்பிடி இருக்காடி அதுல?'ன்னு. இருக்கு மதாம், அப்படியே இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவன் எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்தான்.

"யாருன்னு கேக்க மாட்டியா?"

கேட்க வேண்டிய தேவை இல்லை. அந்த ஜீப்பை 'என்' என்று சொல்ல உரிமையுள்ள ஆள் உலகத்தில் ஒருத்திதான். மருத்துவச்சி சிடோனி.

போர் முடிந்து அமெரிக்கர்கள் போனபோது ஆர்டென் காட்டோரத்தில் விட்டுப்போன வண்டிகளில் ஒன்றை ஊராட்சி வாங்கி அவளுக்குக் கொடுத்தது. அதற்கு முன்னால் அவளிடம் இருந்தது ஒரு சைக்கிள். மலைமேல் தனித்தனியாக நிற்கும் பண்ணைவீடுகளுக்குப் பனிக்காலத்தில் சைக்கிள் எந்த மூலைக்கு? அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் பிறந்தார்கள். அவள் ஓய்வு பெற்றதும் மரம் வெட்டுகிறவன் ஒருவன் வண்டியை வாங்கினான். சிவப்புப் பெயிண்ட் அடித்தான், மரம் இழுத்தான், இழுக்க முடியாமல் போனதும் கோழிகளுக்கு விட்டுவிட்டான். கோழிகளிடமிருந்துதான் நோர்பெர் அதை மீட்டுக்கொண்டு வந்தான்.

நாலு வருஷம். மரஅறுவை ஆலையில் வேலை முடிந்து வந்து, சூப் குடித்ததும் குடிக்காததுமாகக் கொட்டகைக்குப் போய்விடுவான். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, கழுவி, பெயர் எழுதி டப்பாவில் போட்டான். சிவப்பைச் சுரண்டியபோது கீழே வெள்ளை வந்தது, வெள்ளைக்குக் கீழே ராணுவப் பச்சை, பச்சைக்குக் கீழே பட்டாளத்து எண். அந்த எண்ணைப் பார்த்த அன்று அவன் குதித்த குதியில் கிளெமான்ஸ் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள், கை போய்விட்டதோ என்று. நாற்பத்து நாலாம் வருஷப் போரின் நினைவாக ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் டிசம்பர் ஊர்வலத்தில் இந்த வண்டியும் போகிறது. வருஷா வருஷம் எல்லாத் திசையிலிருந்தும் பழைய ராணுவ வண்டிகள் வரும். அவற்றோடு, ஒவ்வொரு திருகாணியையும் குனிந்து பார்த்து, 'இது நாற்பத்து நாலுல இந்த மாதிரி இருக்காதே' என்று சொல்லும் ஆட்களும் வருவார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்றும்தான் நோர்பெர் நாலு வருஷமாகப் பாடுபட்டான். அடைக்கிற ஆசையில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது.

"அவங்க வராங்களா என்ன?" என்றான், மெல்ல.

"வராங்க. மேயர் எத்தனை தடவை கூப்பிட்டார்? பூங்கொத்து, பட்டயம், பேண்ட் வாத்தியம். எல்லாத்துக்கும் 'எனக்குக் கால் வலிக்குது, போங்க'ன்னுட்டாங்க. உன் வண்டியில மட்டும் வரேன்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு நிபந்தனை. 'நானா ஏறுவேன். பிடி இருந்தா ஏறிடுவேன். ரெண்டு ஆளு என்னை உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி தூக்கி வைக்கிறதா இருந்தா நான் வரல.' அவங்க சொன்ன வார்த்தை இது. நாளைக்கு ஒரு தடவை ஏறிப் பார்க்க வரேன்னும் சொல்லிட்டாங்க."

"நாளைக்கா!"

"ஒட்டிடு. எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி?"

"ஒட்டலாம்." நோர்பெர் தலையைச் சொறிந்தான். "எங்கே ஒட்டுறது?"

"வெட்டின இடத்துல."

"அந்த இடம் இல்ல அக்கா. அந்தத் தகடே இல்ல. இடது பக்கம் பூரா துருப்பிடிச்சு அப்பளமா இருந்துது. புதுத் தகடு வச்சேன். பழசு போன வருஷமே பழைய இரும்புக்காரன் லாரியில போயிருச்சு."

"நீதான் எதுக்கெடுத்தாலும் போட்டோ பிடிச்சுக்கிட்டே இருந்தியே!"

"வச்சுக்கப்போறதை எல்லாம் பிடிச்சேன். தூக்கிப்போடப் போறதை எவன் பிடிப்பான்?"

கிளெமான்ஸ் இரும்பைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நான் ஏறிக் காட்டுறேன். என் கை போற இடத்துல குறி வை."

போனது. முன்கண்ணாடிச் சட்டத்துக்குக் கை போனது. மடக்கி வைப்பதற்காகவே செய்த சட்டம் அது; பிடித்து இழுத்ததும் மடங்கி வந்து அவள் நெற்றியில் இடித்தது.

"ஐயோ! இதென்ன, கடிக்குது!"

"அதைப் பிடிக்கக் கூடாது. அதுக்குத்தான் பிடி வச்சிருக்காங்க போல."

"இப்பத்தான் புரியுதா அறிவாளிக்கு?"

மறுபடி ஏறினாள். இந்தத் தடவை குறி அவள் மார்பு உயரத்துக்கு வந்தது. சிடோனி தன் தோளுக்குக் கீழே நிற்பவள் என்று அப்போதுதான் கிளெமான்ஸுக்கு நினைவு வந்தது. முழங்காலை மடக்கிக் குள்ளமாகிக்கொண்டு இரண்டு தடவை ஏறினாள். அந்தக் கோலத்தைப் பார்த்து நோர்பெர் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தகட்டின்மேல் மூன்று சுண்ணாம்புக் குறிகள், மூன்று இடத்தில். எதையும் நம்ப முடியாது. ஒரு சாண் தள்ளி ஒட்டினால் எண்பத்தாறு வயதுக்காரி கல்தரையில் விழுவாள்.

கிளெமான்ஸ் சக்கரக் காப்பின்மேல் உட்கார்ந்தாள். பெயிண்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"நீ பொறந்தப்ப எனக்கு அஞ்சு வயசு," என்றாள். "மாடிப்படியில உட்கார வச்சிட்டாங்க. இந்த வண்டி வந்து நின்ன சத்தம் கேட்டுது. அவங்க படியில என்னைத் தாண்டிக்கிட்டுப் போனாங்க, பூட்ஸெல்லாம் பனி. அப்புறம் ரொம்ப நேரம். நான் உன் அழுகைக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அம்மா சத்தம் நின்னுபோச்சு. உன் சத்தம் வரவேயில்ல. அப்பா கீழே வந்து, மூலையைப் பார்த்து நின்னுக்கிட்டாரு. அப்பா மூலையைப் பார்த்து நின்னா என்ன அர்த்தம்னு அஞ்சு வயசுக்குத் தெரியாதா?"

நோர்பெர் இதைக் கேட்டதில்லை. பிறந்தபோது கஷ்டமாக இருந்தது என்று மட்டும் அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அழுதே. அதுக்கப்புறம் நிறுத்தினதே இல்ல." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு அவங்ககிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை கிளெமான்ஸின் காரிலிருந்து சிடோனி இறங்கியபோது நோர்பெர் முற்றத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னஞ்சிறு கிழவி. கறுப்புக் கோட்டு, கம்பளித் தொப்பி, ஒரு கைத்தடி. அவனைப் பார்க்கவேயில்லை. நேரே கொட்டகைக்குள் போனாள்.

"யம்மா," என்றாள் வண்டியைப் பார்த்து. "என்னைவிட இளமையா ஆயிட்டியேடி."

கைத்தடியால் டயரை ஒரு தட்டுத் தட்டினாள். பானட்டைத் தடவினாள். இடதுபக்கம் வந்தாள். ஏறியபின் வலதுபக்க இருக்கைக்கு நகர்ந்து, பயணியாக வருவாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். சிடோனிக்கு அந்த நினைப்பே இல்லை. தன் வண்டியில் அவள் எந்தக் காலத்தில் வலதுபக்கம் உட்கார்ந்தாள்?

"பிடி எங்கே?"

"மதாம்..." தொப்பி அவன் கையில் சுருண்டது. "வெட்டிட்டேன். மரக்காரன் வச்சதுன்னு நெனச்சேன். இரும்பு இருக்கு, பத்திரமா இருக்கு. ஆனா அது இருந்த தகடு போயிருச்சு. எந்த இடம்னு எனக்குத் தெரியல. தப்பு என்னோடதுதான்."

சிடோனி அவனை அப்போதுதான் பார்த்தாள். மேலிருந்து கீழாக, எடை போடுகிற பார்வை.

"நீ யாரு மகன்?"

"அல்ஃபோன்சினோட மகன், மதாம். இந்த வீடுதான்."

"ம்." அவ்வளவுதான். "அதை வச்சுக் கொடுத்தது கொல்லன் ஹூபேர். அவன் வீட்டு வாசல்லதான் நான் சேத்துல விழுந்தேன். பையும் நானும். உள்ளே அவன் பொண்டாட்டி கத்துறா, வெளியே நான் குப்புறக் கெடக்கேன். மூணாவது பிள்ளை நல்லபடியா பொறந்ததும், வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க மதாம்னான். மறுநாள் இது இருந்துது. நன்றின்னு வாயால சொல்லத் தெரியாத ஆளு அவன். நீ அவன் நன்றியை வெட்டிப் போட்டுட்டே."

நோர்பெர் தரையைப் பார்த்தான்.

"சரி, அழுமூஞ்சியா நிக்காதே. என் கைக்குத் தெரியும் இடம். அந்தச் சுண்ணாம்பைக் கொண்டா."

கைத்தடியைக் கிளெமான்ஸிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். இடது கையை நீட்டினாள். கை போனது, நின்றது, கீழே இறங்கியது, கொஞ்சம் முன்னால் நகர்ந்தது, திரும்ப வந்தது. இன்னொரு தடவை நீட்டினாள். வேறொரு இடத்துக்குப் போனது. முகம் சுருங்கியது. ஊரே கேட்டும் வராதவள், இப்போது வந்து நிற்கிறாள், கை இடம் தெரியாமல் தடுமாறுகிறது. கிளெமான்ஸ் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மதாம், உட்காருங்க, காப்பி குடிச்சிட்டு..."

"சும்மா இருடி. ஏதோ குறையுது." தன் வலது கையைப் பார்த்தாள். காலியாக இருந்த கை. "பை. எந்த ராத்திரியிலடி நான் கையை வீசிக்கிட்டு வண்டி ஏறினேன்? பையைக் கொடு."

"உங்க பை இல்லத்துலகூட இல்லையே மதாம்."

"கனமா எதையாவது கொடேன். இவன் கொட்டகையில கனமா ஒண்ணுமே இல்லையா?"

நோர்பெர் ஸ்பானர் பெட்டியைத் தூக்கினான். அவள் வாங்கிப் பார்த்து, "இது ரெட்டைப் பிள்ளை," என்றாள். பாதி ஸ்பானர்களை எடுத்துத் தரையில் வைத்தான். மறுபடி வாங்கினாள். இன்னும் ரெண்டை எடுக்கச் சொன்னாள். பிறகு தலையாட்டினாள்.

பெட்டி தொங்கியதும் அவள் உடம்பு வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்கு ஈடாக இடது தோள் உயர்ந்தது. வலது கால் தானாகவே படிவிளிம்பைத் தேடியது. இடது கை, இத்தனை நேரம் தடுமாறிய அதே கை, ஒரு யோசனையும் இல்லாமல் போய்க் காற்றில் எதையோ பற்றி நின்றது. விரல்கள் ஒரு கம்பியின் கனத்துக்கு வளைந்திருந்தன.

"குறி வைடா. வேகமா. விழுந்துடப் போறேன்."

கிளெமான்ஸ் பின்னால் நின்று அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். நோர்பெர் மண்டியிட்டு அந்தச் சுருக்கம் விழுந்த முஷ்டிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கோடு இழுத்தான். நேற்றுப் போட்ட மூன்று குறிகளில் ஒன்றுகூட அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

பெண்கள் இரண்டு பேரும் சமையலறைக்குப் போனார்கள். அரிசி வேகவைத்துச் செய்த தார்த் என்ற இனிப்பைக் கிளெமான்ஸ் கொண்டுவந்திருந்தாள். இங்கே கொட்டகையில் நோர்பெர் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றினான். பெட்ரோல் டாங்கி அதற்கு நேர் கீழே இருக்கிறது. அதையும் கழற்றி முற்றத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தான். பேட்டரி வயரைப் பிரித்தான். பிறகு உப்புத்தாளை எடுத்தான். மூன்று பூச்சு அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, மூச்சுப் படாமல் காயவைத்த பச்சை. கோடுகளுக்கு நடுவே இரும்பு வெளுப்பாகத் தெரியும்வரை தேய்த்தான். கை தயங்கவில்லை. நாளைக்குத் திருகாணி எண்ணுகிறவர்கள் வந்து குனிந்து பார்ப்பார்கள். 'நாற்பத்து நாலுல இது இல்லையே' என்பார்கள். இல்லைதான். என்ன பதில் சொல்வது என்று அவனுக்கு இப்போது தெரியும்.

வெல்டிங் வைத்து முடித்ததும் ஹூபேரின் இரும்பைச் சுற்றிப் பெயிண்ட் கருகி, ஒரு வட்டமாக நின்றது. அவன் முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தான். வண்டிதான் அசைந்தது. இரும்பு அசையவில்லை. கருகலைத் துடைத்தான். மேலே பூசவில்லை. டாங்கியையும் இருக்கையையும் மாட்டினான், வயரைச் சேர்த்தான், சமையலறை ஜன்னலைத் தட்டினான்.

சிடோனி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோட்டில் தார்த்தின் துணுக்கு ஒட்டியிருந்தது.

"சூடா இருக்கா?"

"ஆறிடுச்சு மதாம்."

"பையைக் கொடு."

பெட்டியைக் கொடுத்தான். அவள் ஏறினாள். ஏறினாள் என்பதை எப்படிச் சொல்வது? ஒரு கால் மேலே, கை பிடியில், ஒரு முனகல், பெட்டி பக்கத்து இருக்கையில் விழும் சத்தம், அவ்வளவுதான். ஸ்டீரிங்குக்குப் பின்னால் தொப்பி மட்டும் தெரிந்தது. கிளெமான்ஸ் ஓடிப்போய் ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள்.

"நீ என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறே? அந்தப் பெட்டியை எடுத்துட்டு உட்காரு."

"மதாம், நீங்களா ஓட்டப் போறீங்க?"

"உன்னை ஓட்டச் சொன்னா நீ இன்னும் எதையாவது வெட்டுவே."

நோர்பெர் ஏறி உட்கார்ந்தான். இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. அவள் விரல்கள் பார்க்காமலே முன்பலகையில் ஸ்விட்சைத் தேடித் திருப்பின. வலது கால் தரையிலிருந்த ஸ்டார்ட்டரை மிதித்தது. எஞ்சின் ஒரு தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கொட்டகையின் கூரைவரை நிரம்பியபோது, வாசலில் நின்ற கிளெமான்ஸ் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அஞ்சு வயசுக்காரி கேட்ட அதே சத்தம்.

"முதல் கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும் மதாம்..."

"எனக்கா சொல்றே?" கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டு, மறுபடி மிதித்துப் போட்டாள். பல் உரசும் சத்தமே இல்லை. நாலு வருஷத்தில் நோர்பெர் ஒரு தடவைகூட அப்படிப் போட்டதில்லை.

ஜீப் நடைவேகத்தில் முற்றத்துக்கு வந்தது. ஆப்பிள் மரத்தைச் சுற்றியது. வீட்டின் பக்கவாட்டுக்கு வந்ததும் சிடோனி நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. தலையை அண்ணாந்து மேல்மாடியின் கோடி ஜன்னலைப் பார்த்தாள்.

"அதானே அந்த அறை?"

"ஆமாம் மதாம்."

"அல்ஃபோன்சின் நல்ல பொம்பளை. கடைசிவரைக்கும் வருஷப் பிறப்புக்கு முட்டை அனுப்பினா."

நோர்பெர் மடியில் ஸ்பானர் பெட்டி இருந்தது. நாலு வருஷமாக, ஒவ்வொரு போல்ட்டைக் கழுவும்போதும், இந்தக் கிழவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதை அவன் சொல்லிப் பார்த்திருந்தான். நல்ல வாக்கியங்கள். ஊர்வலத்தில், எல்லோர் முன்னாலும், தொப்பியைக் கழற்றிச் சொல்ல வேண்டியவை. இப்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். முகம் சிவந்து, பிறகு நிறம் மாறியது.

சிடோனி ஜன்னலிலிருந்து பார்வையை இறக்கி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இடது கை பிடியிலேயே இருக்க, வலது கையால் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அப்பவும் இப்படித்தான்டா, வாயை இறுக்கி மூடிக்கிட்டு நீலமாக் கெடந்தே. அழு. அழுதாத்தான் மூச்சு வரும்."